பாவம் வேறு, குற்றம் வேறு
விலைமாதர் சட்டத்தைப் பற்றிய ஒரு விசாரணை



குடும்பத்தார் எல்லாரும் வாசிக்கும் பங்குப் பத்திரிகையில் இந்த விஷயத்தை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதாமல் விடுவதால் தீமை குறையுமானால் எழுதாமலே விடலாம். ஆனால் நல்லவர்கள் வாய் மூடியிருப்பதால் லாபம் அடைகிறவர்கள் பெண்களை விற்கிற தரகர்களே. ஆகையால் அடக்கமான சொற்களில், ஆனால் மழுப்பாமல், ஒரு கேள்வியை ஆராய்வோம். ஒரு செயல் பாவம் என்று நாம் உறுதியாய் அறிந்திருக்கிறோம். அதனாலேயே, அதில் சிக்கியிருக்கிற பெண்ணைச் சட்டம் தண்டிக்க வேண்டுமா? தண்டிப்பதால் அவள் உயிருக்கு ஆபத்து அதிகரிக்குமானால், அப்போதும் அது நீதியாகுமா?

சட்டத்தின் வேலை என்ன?

"பாவத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்வதா?" என்பது முதல் ஆட்சேபம். பொய் பாவம், பொறாமை பாவம், பெருந்தீனி பாவம். இவற்றுக்காக எவரையும் போலீஸார் பிடித்துப்போவதில்லை. சாட்சிக் கூண்டில் சொன்ன பொய்யையும், பணம் பறிக்கச் சொன்ன பொய்யையும் மட்டுமே சட்டம் தண்டிக்கிறது. ஏன்? அங்கே பிறனுக்குக் கேடு உண்டாகிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகப் போதித்தார். மனிதர் இயற்றும் சட்டம் எல்லாத் துர்க்குணங்களையும் ஒழிக்க ஏற்பட்டதன்று. பெரும்பாலோர் விலக்கக்கூடிய கொடிய தீமைகளை, விசேஷமாய்ப் பிறருக்குத் தீங்கு விளைவிப்பவற்றைத் தடுக்கவே அது ஏற்பட்டது என்பது அவருடைய போதனையின் சாரம். ஆகவே பாவம் வேறு, குற்றம் வேறு. பாவத்தைத் தீர்க்க வேறு இடம் உண்டு.

ஆனால் இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றொரு தவற்றில் விழுந்துவிடக் கூடாது. அர்ச். அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன், 386ஆம் ஆண்டில் எழுதிய ஒரு நூலில், விலைமாதரை உலகிலிருந்து நீக்கிவிட்டால் காமம் எல்லாவற்றையும் குழப்பிவிடும் என்று கருதினார். இந்த வாக்கியத்தைப் பிற்காலத்தார் பலர் எடுத்தாண்டார்கள். வீட்டின் சுத்தத்துக்குச் சாக்கடை வேண்டியிருப்பதுபோல் ஊரின் ஒழுக்கத்துக்கு இவர்கள் வேண்டும் என்று சொல்லவும் துணிந்தார்கள். இதை யோசித்துப் பாருங்கள். நம் பெண்மக்கள் பத்திரமாய் இருப்பதற்காக வேறு யாரோ பெற்ற பெண்மக்கள் நாசமாக வேண்டும் என்பதுதானே இதன் பொருள்! சாக்கடையாக இருக்க அவர்களில் யார் சம்மதித்தார்கள்? நமக்குச் சௌகரியம் என்பதற்காகப் பொறுத்துக்கொள்வது பொறுமையும் அன்று, நீதியும் அன்று.

எனவே தண்டிப்பதிலும் அநீதி நேரலாம். பொறுப்பதிலும் அநீதி நேரலாம். இரண்டிலும் அந்தப் பெண் மனுஷி என்பது மறந்துபோவதே காரணம். இதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி.

மூன்று சட்டங்கள்

முதலாவது, 1868ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் மேகநோய் பரவியபோது, சர்க்கார் சிப்பாய்களைச் சோதிக்கவில்லை. பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாய்ச் சோதித்து, நோயிருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். சென்னையிலும் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் இருந்தன. இங்கிலாந்திலும் இதேபோன்ற சட்டங்கள் இருந்தன. ஜோசபின் பட்லர் என்னும் மாது வருஷக்கணக்காய்ப் போராடினார். அங்கே 1886இலும் இங்கே 1888இலும் அச்சட்டங்கள் எடுபட்டன. அவர் அத்தொழிலை ஆதரித்தவர் அல்லர், வெறுத்தவர். ஒரே செயலில் இருவர் சேர்ந்திருக்க ஒருத்தியை மட்டும் பிடிக்கிற சட்டம் ஒழுக்கத்தின் பெயரால் நடக்கும் அநியாயம் என்பதே அவருடைய வாதம்.

இரண்டாவது, தேவதாசி முறையைப் பற்றிய சட்டம். கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர்களை விலைமாதர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சரியன்று. நமது காஞ்சிபுரத்துத் தனகோடி அம்மாளைப் போன்ற பெரிய சங்கீத வித்துவான்கள் அந்த மரபில் தோன்றினார்கள். ஆயினும் ஒரு சிறுமியின் எதிர்காலத்தை அவள் அறியாப் பருவத்திலேயே பிறர் முடிவு செய்துவிடும் வழக்கம் அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டசபையில் இதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த முறையின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1947இல் பொட்டுக் கட்டுவது தடுக்கப்பட்டது. இதற்கு முன்பே, 1929இல் நடந்த ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். கோயில் ஊழியத்துக்காக அப்பெண்கள் அனுபவித்துவந்த மானிய நிலங்களை, ஊழியம் என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க அவ்வாண்டின் சட்டம் வழி செய்தது. முதலில் காலுக்குக் கீழே நிலம், பிறகு தடை. அன்றியும் எந்த விடுதியிலும் இடம் கிடைக்காத அக்குலத்துச் சிறுமிகளுக்கு டாக்டர் அம்மையார் அவ்வை இல்லத்தைத் திறந்தார். "கூடாது" என்று சொல்கிறவன் "வேறென்ன செய்வது?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மூன்றாவது, 1956இல் இந்தியா முழுவதற்கும் இயற்றப்பட்ட சட்டம். 1986இல் திருத்தம் பெற்று, ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டம் என்ற பெயரோடு இன்றும் அமலில் இருக்கிறது. விபசாரத் தடுப்புச் சட்டம் என்று சனங்கள் சொல்வது இதையே. ஒரு பெண் தன் உடலை விற்பது குற்றம் என்று இச்சட்டம் சொல்வதாய்ப் பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அச்சம்பாத்தியத்தில் பிறர் பிழைப்பது, பொது இடத்தில் அழைப்பது போன்றவையே குற்றங்கள். வாசிக்கும்போது தரகனைப் பிடிக்கும் சட்டமாகவே தோன்றுகிறது. நடைமுறையில் என்ன நிகழ்கிறது என்பதை மூன்று பிரிவுகளைக் கொண்டு பாருங்கள்.

வீதியில் அழைத்த குற்றத்துக்கு ஒரு பெண்ணுக்கு முதல் தடவையில் 6 மாதம் வரை சிறை விதிக்கலாம். அதே குற்றத்தைச் செய்தவன் ஆணாயிருந்தால் 7 நாளுக்குக் குறையாமல் 3 மாதம் வரை. 1868இல் இருந்த தராசு இன்னும் முற்றிலும் நேராகவில்லை. அடுத்து, இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் லாபத்துக்காக ஒரே வீட்டைப் பயன்படுத்தினால், அவ்வீடு சட்டத்தின் கண்ணில் விடுதியாகிவிடும். ஒருத்திக்கு ஒருத்தி காவலாய் இருப்போம் என்று சேர்ந்திருந்தால் குற்றம் பெரிதாகிறது. தனியே இருந்தால் சிறிதாகிறது. தனியே இருக்கிறவளைத்தான் கொலைகாரன் தேடுகிறான். கடைசியாக, அவள் சம்பாத்தியத்தில் பிழைக்கிற 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் குற்றவாளி ஆகலாம். அவளை அடித்துப் பறிக்கிற முரடனுக்காக எழுதிய பிரிவு இது. ஆனால் அதன் வார்த்தைகளுக்குள் அவளுடைய கிழத் தாயும், காலேஜில் படிக்கும் மகனும் அகப்பட்டுக்கொள்ளக்கூடும்.

ஒரு கொலையும் ஒரு தீர்ப்பும்

1999ஆம் ஆண்டு செப்டம்பரில் கல்கத்தாவில் ஒருவன் இப்படிப்பட்ட பெண்ணொருத்தியை அடித்துக் கொன்றான். ஆயுள் தண்டனை பெற்று, சுப்ரீம் கோர்ட்டு வரை அப்பீல் செய்தான். 2011 பிப்ரவரி 14ஆம் தேதி அவன் அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. வழக்கு அதோடு முடிந்திருக்கலாம். நீதிபதிகள் முடிக்கவில்லை. இப்பெண்களும் மனிதரே, கண்ணியமாய் வாழும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று சொல்லி, அவர்கள் நிலையை விசாரிக்க ஒரு குழுவை நியமித்தார்கள்.

அக்குழுவின் சிபாரிசுகள் பத்து. 2022 மே 19ஆம் தேதி அவற்றுள் ஆறைச் சர்க்கார்கள் உடனே நிறைவேற்றும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. பலாத்காரத்துக்கு ஆளான பெண் இத்தொழிலில் இருப்பவளானாலும், மற்றவர்களுக்குப் போலவே அவளுக்கும் உடனே வைத்திய உதவி கிடைக்க வேண்டும். போலீஸார் அவளை மரியாதையாய் நடத்த வேண்டும். அடிக்கவோ ஏசவோ கூடாது. பத்திரிகைகள் அவள் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. நோய்க் காப்புக்காக அவள் வைத்திருக்கும் பொருள்களைக் குற்றத்துக்குச் சாட்சியமாய்க் காட்டக் கூடாது. காப்பகங்களில் மனமின்றி அடைபட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்கள் உரிமைகளை அவர்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டும். இவையே அந்த ஆறு.

"கோர்ட்டு இத்தொழிலை அனுமதித்துவிட்டது" என்று அன்று பலர் பேசினார்கள். அது சரியன்று. வயது வந்து, மனமொத்து ஈடுபடும் பெண்கள் விஷயத்தில் போலீஸார் தலையிடக் கூடாது என்ற சிபாரிசுக்கு மத்திய சர்க்கார் ஆட்சேபம் தெரிவித்திருந்தது. ஆட்சேபத்துக்குள்ளான நான்கு சிபாரிசுகள் அந்த உத்தரவில் சேரவில்லை. மற்ற ஆறையும் வாசித்துப் பார்க்கும் எந்தக் கிறீஸ்தவன், "இது வேண்டாம்" என்று சொல்லக்கூடும்? அடிபட்டவளுக்கு மருந்து போட அவள் நடத்தைச் சான்று தேவையில்லை. வழிப்போக்கனைத் தூக்கிச் சென்ற சமாரியன் அவன் யார், எப்படிப்பட்டவன் என்று விசாரித்ததாக நாம் கேட்டதில்லை.

"அவள் சம்மதித்தாள்" என்னும் பேச்சு

இனி மறுபக்கத்து வாதம் ஒன்றையும் சோதிக்க வேண்டும். "வயது வந்தவள் தானே சம்மதித்தால் மற்றவர்களுக்கு என்ன?" என்கிறார்கள். காஞ்சிபுரத்து வட்டாரத்தில் வாழ்கிற நமக்குச் சம்மதம் என்பது என்னவென்று பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவும் ஊடையும் முதலாளியுடையவை. கையில் வாங்கிய முன்பணம் தீரவில்லை. கலியாணத்துக்கு ஒரு தொகை, வைத்தியத்துக்கு ஒரு தொகை என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அந்த நெசவாளி "இந்தக் கூலிக்குச் சம்மதம்" என்று கையெழுத்துப் போடுகிறான். பொய்யாகப் போடவில்லை, ஆனால் முழுச் சுதந்தரத்தோடும் போடவில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பச்சைப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த காலமும் இவ்வட்டாரத்தில் இருந்தது.

அந்தத் தீமைக்கு நாடு எப்படிப்பட்ட சட்டம் செய்தது? 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அது கடனை ரத்து செய்தது. கடன் கொடுத்துக் கட்டிப்போட்டவனைத் தண்டித்தது. "நீ ஏன் அடிமையாய் வேலை செய்தாய்?" என்று கூலிக்காரனைச் சிறையில் போடவில்லை. இதுவே நீதியான மாதிரி. அவன் சம்மதம் குறையுள்ளது என்றால் அது அவனைக் காப்பாற்றக் காரணமாகுமே தவிர, தண்டிக்கக் காரணமாகாது. பெண் விஷயத்தில் மட்டும் நாம் இரண்டு வாயால் பேசுகிறோம். வறுமையாலும் கடனாலும் தள்ளப்பட்டவள், பாவம், அவள் அடிமை என்கிறோம். அடுத்த நிமிஷமே, மனதார இறங்கினவள், ஆகவே சிறைக்குப் போகட்டும் என்கிறோம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது.

கடனின் பிடி எவ்வளவு என்பதை அப்பெண்களே அறிவார்கள். கல்கத்தாவில் அவர்கள் 1995இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சேமிக்கத் தொடங்கினார்கள். லேவாதேவிக்காரன் கையிலிருந்து தப்புவது அவர்கள் முதல் நோக்கங்களில் ஒன்று. கடன் அடைந்தவளுக்குத்தான் "மாட்டேன்" என்று சொல்லும் வாய் இருக்கிறது.

திருச்சபையின் போதனையும் இங்கே தெளிவாகவே இருக்கிறது. 1965இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, இத்தொழிலை அடிமைத்தனத்தோடும், பெண்களையும் குழந்தைகளையும் விற்பதோடும் சேர்த்துக் கண்டித்தது. அநீதியை அனுபவிக்கிறவர்களைவிட, அதைச் செய்கிறவர்களையே அது அதிகமாய்க் கறைப்படுத்துகிறது என்றும் சொன்னது. 1992இல் வெளிவந்த சத்திய வேதபோதக நூல், இச்செயல் எப்போதும் கனமான பாவமே என்று சொல்லி, தரித்திரமும் மிரட்டலும் சமூக நெருக்கடியும் அதன் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பணம் கொடுக்கிறவனும் அங்கே பெயர் சொல்லிக் கண்டிக்கப்படுகிறான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைச் சேசுநாதர் முன் இழுத்துவந்தவர்கள் அவளோடு பாவம் செய்த ஆணை இழுத்துவரவில்லை அல்லவா?

பிற தேசத்தார் கண்ட வழிகள்

சுவீடன் 1999இல் ஒரு புது வழியை எடுத்தது. விற்கிற பெண்ணைத் தண்டிப்பதில்லை; வாங்குகிற ஆணைத் தண்டிப்பது. பிரான்ஸ் 2016இல் இதைப் பின்பற்றியது. அதை எதிர்த்துப் பல பெண்கள் தொடுத்த வழக்கில், அச்சட்டம் மனித உரிமைக்கு விரோதமன்று என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. வாங்குகிறவன் இல்லையேல் தரகனும் இல்லை என்ற அதன் நியாயம் நம் மனத்துக்கு இசைவானதே. ஆயினும் அப்பெண்கள் சொன்ன குறையையும் கேட்க வேண்டும். போலீசுக்குப் பயந்த ஆண் இருட்டையும் ஒதுக்குப்புறத்தையும் கேட்கிறான். வந்திருப்பவன் எப்படிப்பட்டவன் என்று நிதானித்துப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

நியூசீலாந்து 2003இல் வேறு வழியை எடுத்தது. குற்றவியல் தடைகளை நீக்கி, மற்றத் தொழில்களுக்குள்ள விதிகளுக்குள் இதையும் கொண்டுவந்தது. அங்கே 2014இல் ஒரு பெண் தன்னை ஆபாசமாய்ப் பேசித் துன்புறுத்திய விடுதிக்காரன்மேல் வழக்குத் தொடுத்து நஷ்டஈடு பெற்றாள். நம் ஊரில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆனால் ஜெர்மனி 2002இல் இதைச் சட்டப்பூர்வமான தொழில் ஆக்கிய பின்னர், பெண்களைச் சுரண்டும் பெரிய விடுதிகளைக் குறித்துக் கண்டனம் எழுந்து, 2017இல் கடுமையான விதிகளை அமலாக்க நேர்ந்தது. கதவைத் திறந்துவிட்டால் முதலில் நுழைகிறவன் முதலாளியே என்பது அதில் உள்ள பாடம்.

இவற்றில் எது நமக்கு ஏற்றது என்று சட்டசபையார் வாதாடட்டும். அந்த வாதத்தை நிறுக்க ஒரு தராசு சாதாரண மனிதராகிய நம்மிடமும் இருக்கிறது. நேற்று இரவு அடிபட்ட ஒருத்தி, இன்று காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குள் பயமில்லாமல் நுழைய முடியுமா? நுழைந்தால் அடித்தவனைப் பற்றிய விசாரணை நடக்குமா, அல்லது அவளைப் பற்றிய விசாரணை நடக்குமா? முதலாவது நடக்கும்படி செய்கிற சட்டம் நல்ல சட்டம். இரண்டாவது நடக்கும்படி செய்கிற சட்டம், எவ்வளவு ஒழுக்கமான பெயரைத் தரித்திருந்தாலும், கொலைகாரனுக்குக் கதவு திறந்துவிடுகிற சட்டமே. பெண்களை விற்பதைத் தடுக்கவும் இதுவே வழி. உள்ளே அடைபட்டிருக்கும் சிறுமியைப் பற்றி முதலில் அறிகிறவர்கள் அதே வீதியில் இருக்கும் பெண்கள்தான். போலீசைக் கண்டு ஓடுகிறவர்கள் போலீசுக்குச் செய்தி சொல்லமாட்டார்கள்.

மீட்பு என்னும் பேரில்

"அவர்களை மீட்டு நல்வழிப்படுத்தலாமே" என்பீர்கள். ஆம், அதுவே நம் விருப்பமும். ஆனால் மீட்பு என்ற சொல் மிகவும் பரிசுத்தமானது. அதைச் சிறைக்குச் சூட்டக் கூடாது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அந்த இரத்தம் இப்பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் சோதிக்கப்பட்டது. மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. அப்பெண்களுக்கு என்ன கிடைத்தது? நோய் இருந்த காரணத்துக்காகவே தண்டனைக் காலம் கடந்தும் சிலர் காப்பகத்தில் வைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்க 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

அயர்லாந்தில் நம்முடைய கன்னியர் மடங்களே நடத்திவந்த மதலேனாள் சலவைச் சாலைகளில், வீழ்ந்தவர்கள் எனப்பட்ட பெண்கள் கூலியின்றி, வெளியேற வழியின்றி, வருஷக்கணக்காய் உழைத்தார்கள். கடைசிச் சாலை 1996இல் மூடப்பட்டது. 2013இல் அந்நாட்டுப் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். நல்ல நோக்கம் மட்டும் போதாது. உள்ளே வந்தவள் விரும்பினால் வெளியே போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். அது வீடா சிறையா என்று தெரிந்துவிடும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற நம் திருமுக்கூடலின் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலையைப் பற்றியது. படுக்கை 15, வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்க்கப் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள், இன்னாருக்கு இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரக்கம் உண்மையானதானால் அது கணக்குப் போடும். இக்காலத்தில் ஒரு பெண்ணை மீட்கிறோம் என்கிறவர்களும் இப்படியே கணக்குக் காட்டட்டும். அவள் கடன் எவ்வளவு, யார் தீர்ப்பார்? அவளுக்குத் தறியா, தையல் இயந்திரமா, வேறு வேலையா? வாடகைக்கு வீடு யார் கொடுப்பார்? அவள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேரும்? இவற்றுக்குப் பதில் இல்லையானால் மூன்றாம் மாதம் தரகன் வந்து பதில் சொல்லுவான்.

நாம் செய்யக்கூடியது

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. பட்டணத்தில் நல்ல சம்பளத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது நம் தெருவுக்கு வந்தால், விலாசத்தையும் முதலாளியையும் விசாரிக்காமல் பெண்ணை அனுப்பாதிருப்போம். கடனில் மூழ்கிய குடும்பத்தைக் கந்துவட்டிக்காரன் கண்டுபிடிக்கு முன் நாம் கண்டுபிடிப்போம். திரும்பிவந்த ஒரு பெண்ணின் பழைய கதையைக் கிணற்றடியில் பேசாதிருப்போம். வீடு கேட்டால் கொடுப்போம். அவள் பிள்ளையின் தகப்பன் பெயரை நாலு பேர் முன் கேட்காதிருப்போம். நம் ஆண்மக்களுக்கு, விலை கொடுத்தாலும் ஒரு மனுஷியை வாங்க முடியாது என்று இளமையிலேயே கற்பிப்போம். விற்பனையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். வாங்குகிறவன் நம் வீட்டிலிருந்து புறப்படுகிறான் என்பதை மறந்துவிடுகிறோம்.

பாவத்தைப் பாவம் என்றே சொல்வோம், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பெண் உயிரோடிருந்தால்தான் மனந்திரும்பவும் முடியும், வழி மாறவும் முடியும். ஆகையால் அவள் உயிரைக் காப்பது முதல் கடமை. மற்றவை அதற்குப் பிறகே.